அம்பலமும் காந்தக் கோடும்

‘கோயில்’ என்று அடைகொடாது கூறிய அளவானே தில்லைத் திருச்சிற்றம்பலத்தைக் கொள்வது சைவர் மரபு. அத்திருப்பதிக்குக் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியர் அருளிய கோயிற்புராணம் உண்டு; வடமொழியிற் சிதம்பர மான்மியம் உண்டு; மூவர் முதலிகளின் திருப்பதிகங்களும் திருவாசகமும் திருத்தொண்டர் புராணமும் உண்டு. இவை போதாவென்று கருதினார் போலும், இந்நாளிற் சிலர் புதுப்புராணம் ஒன்று கட்டியுள்ளனர். அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, படலம் இல்லை, பாட்டும் இல்லை. திருவிழாக் காலங்களில் துண்டுத்தாளாகவும், ஏனைக் காலங்களிற் கைப்பேசி வழி வரும் செய்தியாகவும் அது பரவுகின்றது. மார்கழித் திருவாதிரை மேடையொன்றில் அதனைச் சொற்பொழிவாளர் ஒருவர் கண்ணீர் மல்கக் கூற, அவையினர் கைகொட்டி மகிழ்ந்ததை யாமும் இருந்து கேட்டோம்.

அப்புதுப்புராணத்தின் சாரம் வருமாறு: உலகத்தின் காந்த மத்திய ரேகைக்கு நடுப்புள்ளி சிதம்பரம், கூத்தப்பெருமான் ஊன்றிய திருவடியின் பெருவிரல் அப்புள்ளியின்மேல் நிற்கின்றது, இதனை மேனாட்டு அறிஞர் எட்டாண்டு ஆராய்ந்து கண்டனர், திருமூலநாயனார் ஐயாயிரம் ஆண்டுகட்கு முன்பே இதனைத் திருமந்திரத்தில் வைத்தனர், ஐம்பூதத் தலங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. இவற்றைச் சொல்லுவோர் சைவத்துக்குப் பகைவரல்லர். பெரும்பாலார் திருநீறணிந்த அன்பரே. ஆதலின் இதனை மறுத்தல் வேண்டா என்று பலரும் வாளா இருக்கின்றனர். புறச்சமயத்தார் தில்லையைக் குறைத்துப் பேசின் எழுகின்ற நாம், அகத்தார் அதனைப் பொய்யால் உயர்த்துங்கால் உறங்குவது முறையோ?

முதற்கண் பொருளை அதன் களத்திலேயே வைத்து ஆராய்வோம். காந்த மத்திய ரேகை என்பது யாது? தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி வடக்கேயும் தெற்கேயும் சாயாது கிடைநிலையில் நிற்கும் இடங்களையெல்லாம் இணைத்து வரையும் கோடு. அஃது உலகைச் சுற்றி வருவது. வட்டமாகச் சுற்றி வரும் கோட்டிற்கு நடுப்புள்ளி எங்கே உளது? மாலையில் நடுமலர் யாதென வினவுவார்க்கு விடை கூறுதல் எளிதோ? ஆகவே ‘ரேகையின் மையப்புள்ளி’ என்னும் சொற்றொடரே பொருளற்றது. அதனைப் பொறுத்துக்கொண்டு, அக்கோடேனும் சிதம்பரத்தின் வழிச் செல்கின்றதோ எனின், அதுவும் இல்லை. நம் பாரத நாட்டில் அது தென்கோடியை ஒட்டியே செல்கின்றது. 1963-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் ஆராய்ச்சி இராக்கெட்டு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து விடப்பட்டமை பலரும் அறிவர். கடற்கரையிற் கிடந்த அச்சிற்றூரை அதற்குத் தேர்ந்தமைக்குக் காரணம், காந்த மத்திய ரேகை அதன் அருகே செல்லுகின்றமையே. திருநெல்வேலிப் பக்கத்தே புவிக்காந்த ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் அது கருதியே. தும்பா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் உள்ளது. சிதம்பரமோ 11 பாகை 24 கலையில் உள்ளது. இடையே தென்வடலாக மூன்று பாகையளவு, அஃதாவது சுமார் 300 கிலோமீட்டர், கிடக்கின்றது. காந்தக் கோட்டால் தலத்துக்குப் பெருமை வருமெனின், அப்பெருமை தும்பாக் கடற்கரைக்கே உரியதாகுமன்றித் தில்லைக்கு உரியதாகாது. மேலும் அக்கோடு ஓரிடத்து நிலைபெறுவதன்று. பூமியின் உள்ளே உருகிக் கிடக்கும் இரும்புக் குழம்பின் இயக்கத்தால் அது சிறிது சிறிதாகப் பெயர்ந்துகொண்டே இருப்பது. பெயரும் கோட்டின்மேற் பெயராத அம்பலத்தை நிறுத்துதல் என்ன புலமை!

இன்னும் ஒன்று. கி.பி. 1648 முதல் 1686 வரை, ஏறக்குறைய 38 ஆண்டுகள், கூத்தப்பெருமான் திருமேனி தில்லையில் எழுந்தருளியிருக்கவில்லை. படையெடுப்புக் காலத்து அச்சத்தால் அதனைத் தில்லைவாழந்தணர் மறைவாகக் கொண்டு சென்று, குடுமியான்மலையிலும் பின்னர் மதுரையிலும் வைத்துக் காத்தமை செப்பேடுகளால் அறியக் கிடக்கின்றது. பெருவிரலின் கீழ்க் காந்தப்புள்ளி இருந்ததாயின், அந்த 38 ஆண்டும் அப்புள்ளி எங்கே இருந்தது? திருமேனியுடன் குடுமியான்மலைக்குச் சென்றதோ? வினா நகைப்புக்கு இடமாயினும் இதனால் அறியப்படுவதொன்று உண்டு. தம் உயிரினும் மேலாக ஒரு திருமேனியைக் காத்து, இரண்டு தலைமுறைக் காலம் காத்திருந்து, மீண்டும் அம்பலத்தில் எழுந்தருளப் பண்ணிய உண்மைச் சரிதம் நம் கையில் இருக்கின்றது. அதனைத் துண்டுத்தாளில் அச்சிடுவார் ஒருவரையும் யாம் கண்டிலேம்.

நேர்கோட்டைப் பற்றி நடுநிலையிற் கூறுதல் வேண்டும். தில்லை, கச்சித் திருவேகம்பம், திருக்காளத்தி என்னும் மூன்றும் கிழக்குத் தீர்க்க ரேகை 79 பாகை 42 கலையை ஒட்டி ஒன்றற்கொன்று மிக நெருங்கியே உள்ளன. வேறுபாடு அரைக் கலைக்கும் குறைவு. இது வியத்தற்குரியதே, வியப்பாரை யாம் மறுக்கவில்லை. ஆயின் ‘ஐந்தும்’ என்பது பொய். திருவண்ணாமலை 79 பாகை 4 கலையளவிலும், திருவானைக்கா 78 பாகை 42 கலையளவிலும் உள்ளன. ஆனைக்கா அந்நேர்கோட்டுக்கு மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றது. அப்புத்தலத்தை அங்கேயே விட்டுவிட்டு ஐந்து என்று எண்ணுவார், வெண்ணாவல் நிழலில் அமர்ந்த பெருமானையும், அவனுக்குப் பந்தரிட்ட சிலந்தியையும், நீராட்டிய யானையையும் என்ன செய்யக் கருதினரோ அறியோம். வடக்கே கேதாரத்தையும் தெற்கே இராமேச்சுரத்தையும் அதே கோட்டிற் கட்டுவாரும் உளர். அவையும் அக்கோட்டினின்று ஒதுங்கியே நிற்கின்றன. திருநள்ளாற்றின்மேற் செல்லும் செயற்கைக் கோள்கள் சிறிது நேரம் செயலற்றுப் போகின்றன என்னும் கதையும் இவ்வினத்ததே. அதனை இங்கு விரித்தல் வேண்டா.

ஈண்டு ஒரு சாரார் கூறுவர்: “இருக்கட்டும், இக்காலத்து இளைஞர் அறிவியற் பெயராற் கூறினாலன்றிக் கேளார். காந்தம் என்று சொல்லியேனும் அவர்களைச் சந்நிதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், பின்னர்ப் பெருமான் பார்த்துக்கொள்வான். இதனால் விளையும் தீங்கு என்னை?” என்று.

தீங்கு மிகப் பெரிது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தந்தை இதனைச் சொல்லுகின்றான் என்று கொள்க. சிறுவன் நம்புகின்றான்; தோழர்க்கும் சொல்லுகின்றான். ஆறாண்டு கழிந்து கல்லூரியிற் பௌதிக நூல் கற்குங்கால், காந்த மத்திய ரேகை படத்தில் எங்கே செல்கின்றதென்பதைத் தன் கண்ணாற் காண்கின்றான். அன்று அவன் காந்தக் கோட்டை மாத்திரம் தள்ளி அமைவான் என்று கருதுதல் பேதைமை. எந்த வாய் அதனைச் சொல்லிற்றோ அந்த வாயே வியாக்கிரபாதரையும் திருநாளைப்போவாரையும் பெற்றான் சாம்பானையும் சொல்லிற்று. ஒன்று பொய்யெனத் தெளிந்தவன் ஏனையவற்றையும் அதனோடு கட்டித் தூக்கி எறிவான். எறிந்தவனைப் பின்னர் நாத்திகன் என்று வைவோம். அவனை அந்நிலைக்கு உய்த்தவர் யார்? இறைவன் பெயராற் பொய் சொல்லியவரேயன்றோ? தந்தைமாரே, பிள்ளைகட்குச் சொல்லுமுன் ஒருகால் எண்ணிப் பார்மின்.

மற்றொரு சாரார் எதிர்ப்புறத்து நின்று வினவுவர்: “காந்தத்துக்குச் சான்று கேட்கும் நீவிர், முனிவர் ஒருவர் புலிக்கால் பெற்றார் என்பதற்கு யாது சான்று காட்டுவீர்? இரண்டும் ஒரு நிகரான கதைகளே அல்லவோ?” என்று. இவ்வினா தக்கதே. இதற்கு விடை அளவை நூலில் உள்ளது. சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றை எடுத்தோதிக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவற்றை அடக்குகின்றது. எப்பொருள் எவ்வளவைக்கு உரியதோ அப்பொருளை அவ்வளவையானே தெளிதல் வேண்டும். காந்தக் கோடு ஊசியாற் காணப்படுவது, காண்டலுக்கு உரியது. சிதம்பரத்தில் ஊசி கிடைநிலையில் நிற்கும் என்பான் அக்களத்திற்குத் தானே சென்று வழக்காடுகின்றான், அங்கே தோற்கின்றான். புராணமோ அக்களத்திற்குச் சென்றதேயில்லை. தன் அன்பன் பொருட்டு இறைவன் யாது செய்தருளினான் என்பதை உரையளவையின் துணையாக நின்று அது கூறுகின்றது. அதனைக் கொள்ளாதவன் உரையளவையைக் கொள்ளாதவன் ஆவான். அவனோடு வழக்காடும் முறை வேறு. கொள்பவனுக்கோ அதன் பொருள் ஊசியால் அளக்கப்படுவதன்று. உரைக்குரிய பொருளைக் காண்டலாக்கிக் காட்ட முயன்று, காண்டலிலும் தோற்று, உரையையும் இழப்பது இப்புதுப்புராணிகர் செய்த இரட்டைக் கேடாம்.

இனிச் சித்தாந்த நெறி நின்று நோக்குவோம். பிழையின் ஆழம் இங்கேதான் புலப்படும். சித்து என்பது அறிவு; அம்பரம் என்பது வெளி. சிதம்பரம் என்பது அறிவே வடிவாய வெளி. ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலம் என்று இதனை வழங்குகின்றோம் ஆயினும், அவ்வாகாயத்தைப் பூதாகாயம் என்று கொள்ளுதல் கூடாது. பூதாகாயம் முப்பத்தாறு தத்துவங்களுள் கீழ்நின்ற ஆன்ம தத்துவம் இருபத்துநான்கனுள் ஒன்று, மாயையின் காரியம், தோன்றி ஒடுங்குவது, அறிவில்லது. அம்பலவன் ஆடுமிடம் அதுவன்று. தத்துவங்கள் முப்பத்தாறனையும் கடந்த சிதாகாயமே. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இதய கமலத்தின் உள்ளே தேடற்பாலதாகக் கூறப்பட்ட தகர வெளியும் அதுவே. சிற்சபையில் இரகசியத்தின் திரையை விலக்கி, உருவம் ஒன்றும் காட்டாது பொன் வில்வமாலையை மாத்திரம் தீபவொளியிற் காட்டுகின்றார்களே, அது வெறும் பாழைக் காட்டுதற்கோ? திரை திரோதானத்தைக் குறிக்கும். அது விலகியவிடத்துக் காணப்படுவது கண்ணுக்குப் புலனாகாத அறிவுவெளி என்பதனை உணர்த்துதற்கன்றோ? ‘ஆகாயம் என்றால் அறிவியலார் கூறும் விண்வெளியே, அதனை முன்னோர் முன்னரே கண்டனர்’ என்பார் தில்லையை உயர்த்தியவராகார், சிதாகாயத்திலிருந்து இறக்கி மாயா காரியத்தில் வைத்தவராவர்.

காந்தம் என்னும் பொருளை நம் ஆசாரியர் அறியாதவருமல்லர். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில் அதனை உவமையாக எடுத்தாண்டுள்ளார். ஐம்பொறிகள் உயிரால் விடயங்களை அறிந்தும் அவ்வுயிரை அறியமாட்டா. அதுபோல உயிர்களும் இறைவன் அருளால் அறிந்தும் அவனை அறியமாட்டா. காந்தத்தின் சந்நிதியில் இரும்பு இயங்குதல்போல உயிர்கள் அவன் சந்நிதியில் இயங்கும். காந்தம் அதனால் விகாரப்படாததுபோல இறைவனும் விகாரப்படான். இதுவே அச்சூத்திரத்தின் கருத்து. இங்கே இறைவன் காந்தத்தின் இடத்தும் உயிர் இரும்பின் இடத்தும் வைக்கப்பட்டமை காண்க. புதுப்புராணமோ காந்தத்தைப் பூமியில் வைத்து, அதன் பெருமையாற் பெருமானுக்குப் பெருமை தேடுகின்றது. உவமையைத் தலைகீழாக்கியது மாத்திரமன்று; பதியைப் பாசத்தாற் சிறப்பிக்க முற்பட்டது. காந்தத்தை அத்துணை விரும்புவோர் அவ்வொரு சூத்திரத்தையும் சிவஞான முனிவர் அதற்குச் செய்த உரையையும் ஒருகால் ஓதியிருந்தால் இவ்விடர்ப்பாடு நேர்ந்திராது.

திருவடியின் கீழ் என்ன உள்ளது என்பதற்கும் நூல் உண்டு. மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம் கூத்தின் இயல்பை ஐயந்திரிபறக் கூறுகின்றது. துடியேந்திய கை படைப்பு. அமைந்த கை காப்பு. அனலேந்திய கை அழிப்பு. ஊன்றிய திருவடி மறைப்பு. எடுத்த திருவடி அருள். ஊன்றிய அடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன்; அவன் திருவைந்தெழுத்தின் மகரமாகிய மலம். நம் ஆசாரியர் அத்திருவடியின் கீழ் வைத்தது உயிரைப் பிணித்த மலத்தை. துண்டுத்தாளார் வைத்தது காந்தப் புள்ளியை! முயலகன் எங்கே போயினான்? அவன் போயினமையின் மலம் போயிற்று. மலம் போகவே அதனை ஒடுக்கும் திரோதமும் போயிற்று. திரோதம் போகவே எடுத்த திருவடியின் அருளுக்கு வேலையில்லாது ஒழிந்தது. எஞ்சியது வெண்கலப் பதுமையும் அதன் கீழ் ஒரு புள்ளியுமே. வழிபடுவான் ஒருவன் குஞ்சித பாதத்தை நோக்கி நிற்கும்போது, அவன் கண்ணைப் பிடித்து ஊன்றிய பெருவிரலின் அடியில் வைப்பது எத்துணைக் கொடுமை!

இவ்வாறே, கூத்தப்பெருமான் ஆடல் அணுக்களின் ஆடலே என்பதும் இந்நாளிற் பெருவழக்காகிவிட்டது. 2004-இல் இந்திய அரசினர் ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் அணு ஆராய்ச்சி நிலையத்திற்கு நடராசத் திருவுருவம் ஒன்றை அளித்தனர். அந்நிலையத்தார் அதனை மதித்து நிறுவியமை நமக்கு உவகையே. ஆயின் இக்கருத்து வந்த வழியை நம்மவர் அறிதல் நலம். நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் தொடங்கிய சித்தாந்த தீபிகையிலே, இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1912-இற் கூத்தின் பொருளை ஆங்கிலத்தில் எழுதினார். உண்மை விளக்கத்தையும் திருமந்திரத்தையும் ஆதாரமாகக் கொண்டு ஐந்தொழிலையும் அவர் எடுத்துரைத்தார். அது பின்னர் அவர் நூலின் பகுதியாய் உலகெங்கும் பரவிற்று. 1975-இற் பௌதிக நூல் வல்ல காப்ரா என்பார் அதனைத் தம் நூலில் எடுத்துக்கொண்டு, துகள்களின் தோற்றமும் ஒடுக்கமும் அக்கூத்தினை ஒக்கும் என்றார். அவர் கூறியது உவமை. அயலார் நம் கூத்தனை வியந்தனர் என்று கொண்டு நன்றி பாராட்டலாம். ஆயின் நம் ஊரிலிருந்து ஐந்தாகப் புறப்பட்ட தொழில் திரும்பி வருங்கால் இரண்டாயிற்று என்பதை நோக்குமின். தோற்றமும் ஒடுக்கமும் வந்தன. மறைப்பும் அருளும் வழியிலே உதிர்ந்தன. உதிர்ந்தது தெரியாமல், வந்ததே முழுமை என்று நம்மவர் தலைமேற் கொள்கின்றனர். துகள் சடம், தானாக ஆடாது, ஆட்டுவிப்பான் ஒருவன் வேண்டும், ஆட்டம் எதன்பொருட்டு என்னும் வினாவும் எழும். அணு என்னும் சொல்லை நம் நூல்கள் உயிருக்கும் வழங்கும், ஆணவத்தால் அணுத்தன்மைப்பட்டமை பற்றி. அவ்வணுவின்பொருட்டே ஆடல். மேனாட்டார் கண்ட அணுவுக்கு மலமும் இல்லை, வீடும் இல்லை.

இனி மெய்ப்புராணம் யாது கூறுகின்றது என்பதைச் சிறிது நினைவுகூர்தல் தகும். அறிந்த அன்பர் பொறுத்தருள்க. மத்தியந்தின முனிவர் மைந்தர் தில்லைவனத்தை அடைந்து திருமூலட்டானத்து இலிங்கத்தை வழிபட்டார். வண்டு எச்சிற்படுத்துமுன் மலர் கொய்தல் வேண்டும்; இருளில் மரமேறின் பனியால் வழுக்கும்; விடிந்தபின் செல்லின் வண்டு முந்திவிடும். ஆகலின் வழுவாது மரமேறப் புலியின் காலும் கையும், இருளிற் காணும் கண்ணும் வேண்டினார். பெற்று வியாக்கிரபாதர் ஆயினார். வேறு வரம் கேட்டற்கு அவர் அறியாதவரோ? ஆண்டவனை நேரிற் கண்டவர் அரசு கேட்டிலர், ஆயுள் கேட்டிலர். மலர் நலங்கெடாமைக்குத் தம் மானிட வடிவின் அழகைக் கொடுத்தார். பின்னர்ப் பதஞ்சலியாரும் வந்து கூட, இருவரும் காத்திருந்து, தைப்பூசமும் வியாழக்கிழமையும் கூடிய நண்பகலில் ஆனந்தக் கூத்தைக் கண்டனர். இதில் எந்த வரியிலாயினும் இடத்தின் காந்தம் பேசப்பட்டதோ? காத்திருந்த அன்பே பேசப்பட்டது.

கௌட நாட்டு மன்னன் மகன் சிங்கவன்மன் உடல்நோயால் அரசுக்கு ஆகேன் என்று தம்பியர்க்கு முடியை விட்டுத் தலயாத்திரை புறப்பட்டான். தில்லையில் வியாக்கிரபாதர் அருளாற் சிவகங்கையில் மூழ்கி எழுந்து பொன்மேனி பெற்று இரணியவன்மன் ஆயினான். அவனே அந்தர்வேதி சென்று மூவாயிரம் அந்தணரை அழைத்து வந்தான். வந்தவரை எண்ணுங்கால் ஒருவர் குறைந்தார், அனைவரும் மயங்கினர், அக்குறையும் ஒருவர் தாமே என்று பெருமான் அருளினான். தொண்டர் கூட்டத்தின் எண்ணிக்கையில் ஒருவனாகத் தன்னை வைத்த இறைவனை வேறெந்தப் புராணத்திற் காண்போம்? திருத்தொண்டத்தொகை தில்லைவாழந்தணரை முதற்கண் வைத்து வணங்கியதன் உட்கிடை இதனால் விளங்கும்.

இச்சரிதங்களை வரலாற்றாசிரியர் வேறு கண்கொண்டு நோக்குவர். ஜெர்மானியப் பேராசிரியர் ஹெர்மன் குல்கே சிதம்பர மான்மியத்தை ஆராய்ந்து 1970-இல் நூலொன்று வெளியிட்டார். வடநாட்டிலிருந்து வந்து முடிபுனைந்த இரணியவன்மன் சரிதத்தை, வேங்கியிலிருந்து வந்து 1070-இற் சோழர் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனோடு அவர் சார்த்திப் பார்த்தனர். அதனை யாம் உடன்படுவதில்லை. அரசர் சரிதம் புராணத்தில் நிழலாடலாம், புராணத்தின் பொருள் அந்நிழலன்று என்பது எம் கருத்து. ஆயினும் அவரோடு வழக்காடல் இயலும். ஏனெனின் அவர் ஏட்டைத் திறந்து, இந்த அத்தியாயம், இந்தச் சுலோகம் என்று சுட்டிக்காட்டிப் பேசுகின்றார். ஏட்டைத் திறவாமலே ஏட்டில் உள்ளதென்று கூறும் நம்மவரினும் அவர் கோயிற்கு அணியர் என்று சொல்ல நேர்வது நமக்கு நாணமே.

உமாபதி சிவாசாரியர் சரிதத்தையும் இப்புதுப்புராணிகர் மறந்தனர். சங்கற்ப நிராகரணத்திற் குறிக்கப்பட்ட சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, அப்பெருமான் காலத்தை ஐயமின்றி நிறுவுகின்றது. தில்லைவாழந்தணர் மரபில் தோன்றிய அவர் மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் ஒதுக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். கோயிலிற் கொடியேற்ற முயன்று கொடி ஏறாதாக, அவரை அழைத்துவரப் பெருமான் கட்டளையிட்டான். அவர் வந்து பாடக் கொடி ஏறிற்று. அப்பாடல்களே மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய கொடிக்கவி. விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தி கொடுக்குமாறு பெருமானே ஓலை விடுத்தான், அவரும் கொடுத்தார். ‘இஃது உண்மையோ’ என்று அரசன் ஐயுற, முள்ளிச்செடி ஒன்றுக்கும் நயன தீக்கையால் முத்தியளித்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. சாதியால் விலக்கப்பட்டவனுக்கும் செடிக்கும் வீடு திறந்த தலம் இது என்று பிள்ளைகட்குச் சொல்லத் தெரியாமல், ஊசி கிடையாக நிற்கும் தலம் என்று சொல்லுகின்றோம். அதுவும் நில்லாது!

பொன்னோடு 21,600, ஆணி 72,000 என்னும் வழக்கையும் மறுக்கின்றீரோ எனின், இல்லை. ஒரு நாழிகைக்கு 360 மூச்சாக 60 நாழிகைக்கு 21,600 என்பது யோகநூற் கணக்கு. 72,000 நாடி என்பதும் அதுவே. கோயில் உடம்பாகவும் சிற்சபை இதயமாகவும் அமைந்தமையைக் காட்டவே முன்னோர் அவ்வெண்களை வைத்தனர். சந்நிதிக்கு ஏறும் படிகள் ஐந்து எனவும், சிவாகமங்கள் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டுத் தூண்கள் எனவும் கூறுதலும் அன்னதே. அது தியானத்துக்கு உரியது. ‘மருத்துவர் இன்று கண்டதை அன்றே கண்டனர்’ என்று அதனையும் கடைவீதிக்குக் கொண்டுவருதலைத்தான் வேண்டாமென்கின்றோம்.

பிள்ளைகளுக்கு இயற்கை நூலின் வழியே ஏதேனும் காட்டவேண்டும் என்னும் ஆசை உண்டாயின், தடையில்லை. அவர்களைச் சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக்கு அழைத்துச் செல்லுக. அலையாத்திக் காட்டில் தில்லை மரங்கள் இன்றும் நிற்கின்றன. பால் கண்ணிற் பட்டால் கண் கெடும். தொலைவில் நின்று காட்டுக. ஊரினுள் இம்மரம் இன்று காணப்படாதாயினும், ஊர்க்குப் பெயர் தந்த வனம் ஒருகாலத்தில் இவ்வாறே பரந்து கிடந்தது என்று கூறுக. பின்னர்த் திருக்கோயிற்கு அழைத்து வந்து, கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் ஆடுவதைக் காட்டுக. இவை காண்டலுக்கு உரியன, பொய்யாகா, கல்லூரிக்குச் சென்றபின்னும் அழியா.

சைவ சபைகட்கும் திருவிழாக் கழகங்கட்கும் ஒரு விண்ணப்பம். வருகின்ற ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் துண்டுத்தாள் அச்சிடுவீராயின், கோயிற்புராணத்திலிருந்து ஒரு சரிதத்தை எளிய நடையில் எழுதி அச்சிடுமின்; எழுதித் தருவார் இல்லையேல் இப்பத்திரிகையின் எழுத்தாளருள் எவரேனும் அதற்கு முன்வருவர். காந்தக் கோட்டையே அச்சிடுவோம் என்பாரிடம் யாம் கேட்பது ஒன்றே. திருமூலர் இதனைக் கூறினார் என்கின்றீர். பத்தாந் திருமுறை அச்சில் உள்ளது. ஒன்பதாந் தந்திரத்துத் திருக்கூத்துத் தரிசனம் எல்லார் கைக்கும் எட்டுவது. பாட்டின் எண்ணைக் காட்டுங்கள்.

திருச்சிற்றம்பலம்